டிராக்டர் சதீஷுக்கு யாத்ரயயப்பு

மேடையில் பொட்டலத்தைப் பிரித்தபோது முதலில் தெரிந்தது சிவப்பு வெல்வெட். அதன்மேல் பொன்னிற எழுத்தில் ‘சதீஷ்’ என்று பெயர். பெயருக்குக் கீழே, சக்கரம் மண்ணை வாரி இறைக்க அவன் வளைவில் சாயும் படம். ஏதோ கல்யாண ஆல்பம் போல என்று நினைத்தேன்.

ஹனீபா பாய் மைக்கைப் பிடித்தார். “இது நம்ம தம்பி நாலு வருசமா தன் கைப்பட எழுதி வெச்ச நோட்டுங்க. டயருக்கு எவ்வளவு காத்து, எந்த ஊருக்கு என்ன எண்ணெய், அத்தனையும் இதுல இருக்குதுங்க. இனிமேலுக்குத் தார் ரோட்டுல ஓட்டப் போற தம்பி, நம்ம மண்ணை மறந்துரக் கூடாதுன்னு பாலக்காடு கொண்டு போயி பைண்ட் பண்ணியாந்திருக்கறோம்.”

மைதானம் கத்தியது. செண்டை முழங்கியது. சதீஷ் நோட்டை இரண்டு கைகளாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

அது என் நோட்டு.

நான் மேடைக்குப் பக்கவாட்டில், மைதானத்தை ஒட்டிய ரோட்டில், ஊர்வலத்துக்கென்று கழுவி மாலை போட்டு நிறுத்தியிருந்த திறந்த ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தேன். ஜீப் நான் மெக்கானிக்காக இருக்கும் பட்டறையுடையது. அதை ஓட்டிக்கொண்டு குட்டிக்கானம் வரை போக வேண்டியவள் நான். தலைக்கு மேலே மலையாளத்தில் பெரிய பேனர்: ‘யாத்ரயயப்பு’. வழியனுப்புதல். எங்கள் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாரோ போஸ்ட்மாஸ்டரோ ஓய்வு பெற்றுப் போகும்போது கட்டுகிற பேனர். ஒரு மோட்டார் சைக்கிள்காரனுக்குக் கட்டியது அன்றுதான் முதல் தடவை.

இந்தத் தொடரில் சென்ற வாரம், நான் படிப்பை முடித்துக்கொண்டு லயத்துக்கு, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, திரும்பி வந்ததோடு நிறுத்தியிருந்தேன். வரிசைப்படி இந்த வாரம் பட்டறையில் வேலை கேட்டுப் போன கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதி முடிக்காமல் மற்றவற்றை எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்த வெல்வெட்தான் முன்னால் வந்து நிற்கிறது.

பின்னால் கிளம்பி முன்னால் வருபவன்

சதீஷ் எங்கள் லயத்தில் மூன்று வீடு தள்ளி இருப்பவன். என்னைவிட ஒரு வயது சின்னவன். எஸ்டேட்டில் கொழுந்து மூட்டை ஏற்றும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். ‘டிராக்டர்’ என்ற பட்டம் அதனால் மட்டும் வந்ததல்ல. மட் ரேஸில், அதாவது சேற்றில் ஓட்டும் பைக் பந்தயத்தில், கேட் விழுந்ததும் எல்லா வண்டியும் பாயும். இவன் மட்டும் ஏதோ மறந்துவிட்டவன் போலக் கடைசியில் கிளம்புவான். மூன்றாவது சுற்றில் ஒவ்வொருவராகப் பின்னால் விடுவான். கடைசிச் சுற்றில் அவனுக்கு முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.

“ஏலே, டிராக்டரு கெளம்பிருச்சு!” என்று முதலில் கத்தியது பாக்கியம் சித்தி. என் அம்மாவோடு ஒரே காட்டில் கொழுந்து எடுப்பவர். எனக்குச் சொந்தமில்லை, லயத்தில் எல்லோருக்கும் அவர் சித்திதான். அடுத்த ரேஸுக்கு நாற்பது பெண்கள் விசிலோடு வந்தார்கள். ஒரு வருடத்தில் ‘டிராக்டர் படை’ என்று பெயர் வைத்து, டீ-ஷர்ட் அடித்து, தலைவராக ஹனீபா பாயைப் போட்டார்கள்.

பாய்க்கு எங்கள் மலையூர் ஏலப்பாறையில் ஸ்டேஷனரிக் கடை. சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே. வாரத்தில் ஐந்து நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே. அறுவடை முடிந்த பாலக்காட்டு வயலில் சதீஷ் முதல் கோப்பை வாங்கிய நாளில், வெள்ளை வேட்டியோடு சேற்றில் இறங்கி அவனைத் தூக்கியவர். அந்த வேட்டியைத் துவைக்காமல் கடையில் மாட்டி வைத்திருக்கிறார். கேட்டால், “அது சேறு இல்லீங்க அம்மிணி, மெடல்” என்பார்.

இப்படிப்பட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் நம்புவீர்களா? வந்தது. இன்னும் இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம்

நோட்டு எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

சேற்றில் ஓடும் வண்டிக்கு எதிரி வேகமல்ல, எடை. மட்கார்டுக்கு அடியில் சேறு அப்பிக்கொண்டே போகும். சதீஷ் முன்பு சமவெளிக்காரர்களைப் பார்த்து ஒரு வித்தை கற்றிருந்தான்: மட்கார்டின் அடியில் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டால் சேறு வழுக்கி விழுந்துவிடும். பாலக்காட்டில் அது பலித்தது. ஏலப்பாறையில், மழையும் பனியுமாக இருந்த ஒரு காலையில், அதையே தடவிக்கொண்டு வந்து நின்றான்.

இங்கே குளிருக்குத் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடக்கும். தலைக்குத் தேய்க்க அடுப்போரம் வைத்து உருக்குவோம். பிறந்ததிலிருந்து தினமும் பார்த்த விஷயம். மட்கார்டில் தடவும்போது அவனுக்கும் தோன்றவில்லை, படைக்கும் தோன்றவில்லை. எண்ணெய் வெள்ளையாக உறைந்து, சேற்றைப் பசைபோலப் பிடித்துக்கொண்டது. சொந்த ஊர் மைதானத்தில், சொந்த ஜனங்களுக்கு முன்னால், டிராக்டர் கடைசியாகக் கிளம்பிக் கடைசியாகவே வந்தது.

அன்று வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். மட்கார்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

“சிரிக்காதக்கா. வேற என்னத்தத் தடவ?”

“நல்லெண்ணெய்.”

“அது தோசைக்கு.”

“உறையாதுடா.”

அடுத்த ரேஸுக்கு நல்லெண்ணெய். வண்டி முழுக்க எள் மணம். பாக்கியம் சித்தி வேலிக்கு வெளியே நின்று, “பொடி எங்கலே, தொட்டுக்கிட?” என்று கத்தினார். இரண்டாவதாக வந்தான்.

அன்று ஒரு நீள நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் எழுதினேன்:

ஏலப்பாறை, மழை. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நல்லெண்ணெய், மெல்லிசாக. முன் டயரில் காற்றைக் குறை. செயின் தளர்வு இரண்டு விரல். வலது வளைவில் முன் ஃபோர்க் இடிக்கிறது என்கிறான். பொய்யில்லை, நானும் பார்த்தேன்.

பிறகு அது வளர்ந்தது. மலை ஏற ஏறக் காற்று மெலியும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் துளை சின்னதாக வேண்டும். பாலக்காட்டுக்கு ஒன்று, பீர்மேட்டுக்கு ஒன்று. ஸ்பிரிங் அவன் எடைக்கு எவ்வளவு அமுங்க வேண்டும், ஓணச் சாப்பாட்டுக்குப் பிறகு எவ்வளவு அமுங்குகிறது. விழுந்த ஒவ்வொரு தடவையும் ஏன் விழுந்தான். ஒவ்வொரு ரேஸுக்கும் ஒரு பக்கம்.

பாலிடெக்னிக்கில் ஜாப் கார்டு எழுதும் முறை ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். மேலே வண்டிக்காரரின் பெயர். வலது ஓரத்தில் கோடு போட்டு ஒரு சின்னப் பத்தி: ‘செய்தவர்’. வேலை செய்தவர் அங்கே கையொப்பம் இட வேண்டும். நானும் அப்படியே செய்தேன். அட்டையில் சதீஷ் பெயர். தாளின் முன்பக்கத்தில் மட்டும்தான் எழுதுவேன்; ஒவ்வொரு பக்கத்தின் வலது ஓரத்திலும் நான்.

அட்டையில் அவன் பெயரை எழுதியது என் தவறு. மறுக்கவில்லை. ஒழுங்காகச் செய்கிறேன் என்று செய்த தவறு.

பானெட்டின் மேல்

கோயம்புத்தூரில் ஒரு சர்க்யூட் குழு சதீஷைத் தேர்ந்தெடுத்தது. சேற்றை விட்டு, வழுவழுப்பான தார்த் தடத்தில் ஓட்டும் தொடர். ஊரில் பாதிப் பேருக்குப் பெருமை, பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். டீக்கடையில், “அங்கிட்டு மண்ணே கெடையாதாம்ல? அப்ப இவன் எதுல போயி விழுவான்?” என்றார் ஒருவர். “தார்ல விழுந்தா தோலு உரியும்வே, நல்லெண்ணெய் எல்லாம் கேக்காது” என்றார் இன்னொருவர். அப்படிச் சொன்னவர்தான் யாத்ரயயப்புக்கு நாற்காலி ஏற்பாடு செய்தார்.

அதே குழு வண்டி அமைப்பைப் பார்க்க ஒரு டெக்னீஷியனைத் தேடிக்கொண்டிருந்தது. விண்ணப்பித்தேன். வருகிற புதன்கிழமை நேர்முகத் தேர்வு. ‘நீங்கள் செய்த வேலையின் பதிவுகளை, உங்கள் கையெழுத்தில், அசலாகக் கொண்டு வரவும்’ என்று எழுதியிருந்தார்கள். என்னிடம் அசலாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

அதைத்தான் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். பட்டறை அலமாரி, ஜீப் சீட்டுக்கு அடி, வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால். நான் கோட்டயத்துக்கு உதிரிபாகம் வாங்கப் போன அன்று அது காணாமல் போனது. அம்மா, “எலி இழுத்துட்டுப் போயிருக்கும்ட்டி” என்றார். இருநூறு பக்க நோட்டை இழுக்கும் எலி!

மேடையில் சால்வைகள் தொடர்ந்தன. சதீஷ் நோட்டோடு இறங்கி ஜீப் பக்கம் வந்தான். என்னைப் பார்க்காமல் வந்தான் என்பதைக் கவனித்தேன்.

“அது யார் நோட்டு சதீஷு?”

“ஒன்னோடதுதான்க்கா.”

“பின்ன ஏன் நெத்தியில வச்ச?”

“அத்தன பேரு முன்னால என்ன செய்யச் சொல்ற? இல்ல பாய், இது என்னது இல்லன்னு சொன்னா அந்த மனுசன் மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?”

“பைண்ட் பண்ண முன்னாடி பாய் உன்னைக் கேட்கலியா?”

மாலையிலிருந்து ஒரு சாமந்தியைப் பிய்த்தான். “போன்ல கேட்டாரு. பட்டறையில ஒன் பேரு போட்ட நோட்டு ஒண்ணு இருக்கு, ஒன்னோடதான்னு.”

“என்ன சொன்ன?”

“ஆமான்னேன்.”

பத்து நாள் நான் தேடியது அவனுக்குத் தெரியும். அலமாரியை நகர்த்த அவனே ஒரு கை கொடுத்தான்.

“ஏன்டா?”

அப்போதுதான் சொன்னான். குழுவினர் முதலில் பேசியபோது, வண்டியை யார் அமைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நானே என்று சொல்லிவிட்டான். “டிராக்டர் ஓட்டுறவன், ஆக்சிலேட்டர முறுக்க மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிருவாகளோன்னு பயந்துட்டேன்க்கா. வாயில வந்துருச்சு. பெறவு மாத்த முடியல. புதங்கெழமை நீ இதக் கொண்டுபோயிக் காட்டுனா, என் பொழப்பு என்னாகும்?”

“நான் காட்டலைன்னா என் பொழப்பு?”

நோட்டைப் பானெட்டின் மேல் வைத்தான். “எடுத்துக்கிடு. யாருக்கும் தெரியாம பையில போட்டுக்க. அங்க மட்டும் காட்டாதக்கா.”

அவன் பயம் எனக்குப் புரியாததல்ல. அதே லயம், அதே தகரக் கூரை, அதே பயம் எனக்கும் உண்டு. நான் அந்தப் பயத்தோடு படித்தேன். அவன் அந்தப் பயத்தோடு என்னை அழித்தான். இரண்டும் ஒன்றல்ல.

நோட்டைத் திறந்தேன். ஏலப்பாறை, மழை. தேங்காய் எண்ணெய் வேண்டாம். என் எழுத்துதான். ஆனால் பக்கம் ஏதோ குறுகியிருந்தது. அடுத்த பக்கம் திருப்பினேன். அதற்கடுத்தது. வலது ஓரம் இல்லை. கத்தி வைத்ததுபோல நேராக, பளிச்சென்று வெட்டப்பட்டிருந்தது. ‘செய்தவர்’ பத்தி முழுவதும், ஒரு பக்கம் விடாமல், போய்விட்டது.

பாயைக் கூப்பிட்டேன். மலர்ந்த முகத்தோடு வந்தார்.

“எப்படி இருக்குதுங்க அம்மிணி? நல்லாப் பண்ணிப்போட்டான்ல பைண்டிங்காரன்?”

“ஓரத்தை ஏன் பாய் வெட்டினீங்க?”

“ஒரே கிரீஸுங்க. சேறு வேற. ஓரமெல்லாம் சுருண்டு கெடந்துதுங்க. தம்பி அத்தன பெரிய ஊருக்குக் கொண்டு போறப்ப அழுக்கா இருக்கக் கூடாதில்லீங்களா? ஒரு விரக்கடை நல்லா வெட்டிச் சுத்தம் பண்ணிருன்னு நான்தான் சொன்னேன்.”

“அந்த ஓரத்துல ஏதோ எழுதியிருந்துச்சே, பார்க்கலியா?”

“எல்லாப் பக்கத்துலயும் ஒரே மாதிரிக் கிறுக்கலுங்க. பேனா எழுதுதான்னு பார்த்திருப்பாங்கன்னு நெனச்சேன்.”

அது என் கையொப்பம் என்று சொன்னேன். ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கை தானாக வாயைப் பொத்தியது. “யா அல்லா” என்றார். சதீஷைப் பார்த்தார். சதீஷ் தரையைப் பார்த்தான்.

கோபப்பட வேண்டிய ஆள் நல்லவராக இருந்துவிட்டால் கோபம் குறைந்துவிடும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. நான்கு வருடமாக மழையில் குந்தி உட்கார்ந்து வண்டிக்கு அடியில் கிடந்தவளை அந்த நாற்பது பெண்களும் பார்த்தார்கள். பாய் பார்த்தார். டார்ச் பிடித்தார்கள், குடை பிடித்தார்கள், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் நோட்டில் உள்ளதை யார் எழுதியிருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது தப்பா என்று கேட்கலாம். தப்புதான். பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்காதது பெரிய தப்பு.

வண்டி கிளம்பவில்லை

ஊர்வல நேரம் வந்தது. செண்டைக்காரர்கள் முன்னால் போய் நின்றார்கள். பின்னால் முப்பது பைக்குகள் உறுமின. சதீஷை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றி நிற்க வைத்தார்கள். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். நோட்டு என் மடியில். சாவியை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம்.

“என்னாச்சுலே, ஸ்டார்ட் ஆகலியா?”

“மெக்கானிக் ஓட்டுற வண்டியே நின்னு போச்சுடே!”

சிரிப்பு. நான் எழுந்து இருக்கையின் மேல் ஏறி நின்றேன்.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல” என்றேன். கத்தவில்லை. கத்தினால் அழுகை என்று எடுத்துக்கொள்வார்கள். “இந்த நோட்டு நான் எழுதினது. முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரை. ஒவ்வொரு பக்கத்துலயும் என் கையெழுத்து இருந்துச்சு. அழுக்குன்னு வெட்டிட்டாங்க. புதன்கிழமை இதைக் கொண்டு போய்த்தான் நான் வேலை கேட்கணும். யார் செஞ்சதுன்னு சதீஷ் சொல்லட்டும்.”

செண்டை நின்றது. பைக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

பாக்கியம் சித்தி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். “ஏ புள்ள, கிறுக்கு புடிச்சிருச்சா? நல்ல காரியத்துக்குப் போற பிள்ளைய இப்படியா நடுரோட்டுல நிறுத்தி வைப்ப? வீட்டுல வச்சுப் பேசப்பிடாதா?”

“மேடையில வாங்கினான் சித்தி. வீட்டுல வச்சு எப்படிக் கொடுப்பான்?”

எல்லோரும் சதீஷைப் பார்த்தார்கள். கழுத்தில் நான்கு மாலை. அவன் முகம் கேட் விழுவதற்கு முன் இருப்பதுபோல இருந்தது. அவன் எப்போதும் தாமதமாகத்தான் கிளம்புவான்.

“அக்கா எழுதுனதுதான்” என்றான்.

“சத்தமாச் சொல்லுலே, பின்னால கேக்கல” என்றார் சித்தி, பழக்க தோஷத்தில்.

“சுகன்யாக்கா எழுதுனது! வண்டிய செட் பண்ணதும் அக்காதான். நான் ஓட்டுனேன், அம்புட்டுதான்.”

யாரோ ஒருவர் விசிலடித்தார். பக்கத்திலிருந்தவர் அவர் தலையில் தட்டினார். “சரி, சொல்லிட்டான்ல! எடு வண்டிய!” என்று பின்னாலிருந்து குரல்கள். “பொம்பளைக்கு இவ்வளவு ஏத்தமா” என்று ஒரு குரல். அது யார் குரல் என்று எனக்குத் தெரியும், நாற்காலிக்காரர். அவருடைய ஜீப்பின் பிரேக்கைச் சரிசெய்து கொடுத்ததும் நான்தான்.

“சொன்னது காத்தோட போயிரும்” என்றேன். “எழுதட்டும்.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினேன். “ஒவ்வொரு பக்கத்துலயும். செய்தவர் சுகன்யா. கீழ உன் கையெழுத்து.”

“எல்லாப் பக்கமுமாக்கா?”

“எல்லாப் பக்கமும்தான் வெட்டியிருக்கு.”

அவன் இறங்கினான். ஜீப்பின் படியில் உட்கார்ந்து, மாலைகளைத் தோளுக்குப் பின்னால் தள்ளி, நோட்டை முழங்கால்மேல் வைத்தான். முதல் பக்கத்தில் ‘செய்தவர் சு.’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

“முழுப் பேர்” என்றேன்.

அடித்துவிட்டு எழுதினான்.

தூறல் போட்டது. செண்டைக்காரர்கள் செண்டைக்கு பிளாஸ்டிக் உறை போட்டார்கள். குமுளியிலிருந்து வந்த அரசு பஸ் எங்களுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டி, என்ன நடக்கிறது என்று மலையாளத்தில் கேட்டார். யாருக்கும் அதைச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. ஹனீபா பாய் ஓடிப் போய்க் கடையிலிருந்து ஒரு கட்டு மை ஒற்றும் தாள் கொண்டு வந்து, எழுதி முடித்த ஒவ்வொரு பக்கத்துக்கு இடையிலும் வைக்கத் தொடங்கினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பாக்கியம் சித்தி குடையை விரித்து நோட்டுக்கு மேலே பிடித்தார். பிடித்துக்கொண்டே என்னைத் திட்டினார். “ஒங்காத்தா வரட்டும், சொல்லுதேன். இந்தக் கோவத்தோட நீ எங்க போயி வேலை பாக்கப் போற? ஏலே, நனையுதுல்லா, இங்கிட்டு நவுத்தி எழுது.”

அவன் எழுதினான். பாலக்காடு, பீர்மேடு, மறுபடி பாலக்காடு. தான் ஜெயித்த பக்கத்தில் கொஞ்சம் நின்றான். விழுந்த பக்கத்தில் அதைவிட அதிகம் நின்றான். நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று வாசித்தான். நான்கு வருடத்தில் அவன் அதை வாசித்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. மழையா, வேறெதாவதா என்று நான் ஆராயவில்லை.

“இன்னும் எத்தனை பக்கம்க்கா இருக்கு?”

எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

“எழுது” என்றேன்.